எந்தப் பக்கம்

ஈஜோக் கிளினிக்கில் புதன்கிழமை மட்டும்
காதுக்கு ஆள் உண்டு. அந்த ஆள் நான்.
மருந்து அலமாரிக்குப் பின்னால்
சுவரெல்லாம் முட்டைத்தட்டு ஒட்டிய அறை.
செம்பனை லாரி போகும்போதெல்லாம்
சோதனையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

தனபாலன் த/பெ சன்னாசி, வயது நாற்பத்தொன்று.
குலை வெட்டுபவர்.
அதற்கு முன் ஒன்பது வருடம் ஆலையில்,
நீராவி பீறிடும் கொதிகலனுக்குப் பக்கத்தில்.
இடது தோளில் கட்டு:
இருபத்திரண்டு கிலோ குலை உரசிப் போயிருக்கிறது.
கூடவே ஒரு கடிதம், நிர்வாகத்திடமிருந்து.
விபத்துக்குக் காரணம்: கவனக்குறைவு.

"முறியிற சத்தம் நல்லாவே கேக்குது மிஸ்ஸி.
எந்தப் பக்கம்னுதான் தெரியல."

ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு சுருதியாகத் தந்தேன்.
கொசு அளவு சத்தத்துக்கும் விரலைத் தூக்கினார்.
தாளில் கோடு பிசிறில்லாமல் ஓடியது.
நல்ல காதாச்சே என்றாள் நூருல், மலாயில்.

நல்ல காதுதான்.
ஆனால் இடப்பக்கம் முறிகிற காம்பின் சத்தம்
வலக்காதுக்கு எவ்வளவு பிந்தி வருகிறது?
ஒரு நொடியை ஆயிரமாக உடைத்து
அதில் ஒரு துண்டை எடுத்தால்
அந்தத் துண்டில் முக்கால்கூட இல்லை.
அந்தச் சில்லறையை எண்ணித்தான்
தலை தன் உடம்பை நகர்த்துகிறது.

எண்ணுகிற இடத்துக்குப் போகும் வழியில்
காது நரம்பின் நுனி ஒரு செல்லை
மாங்காயைப் பிடித்த கைபோலக் கவ்வியிருக்கும்.
உள்ளங்கையில் குளுட்டமேட் தெறிக்கும்.
செல்லின் தோலெங்கும் ஏற்பிகள்
திறந்து, உப்பை உள்ளே விட்டு,
திறந்தோமா என்று தமக்கே தெரியுமுன் சாத்திக்கொள்ளும்.
ஞாபகம் குடியிருக்கும் பகுதியில்
இதே சாதிக் கதவுகள் கொஞ்சம் சாவகாசம்.
இங்கே பெரட்டு ஒழுங்கு:
பெயர் கூப்பிட்டதும் ஒரு குரல்,
அடுத்தவன் பெயருக்குள் அந்தக் குரல் நீளக்கூடாது.

சாத்தத் தாமதித்தால்
ஒரு சத்தம் மறு சத்தத்தின் மேல் வழியும்.
காடெங்கும் குலை விழும்,
ஒரே இடத்திலிருந்து, அதாவது
எந்த இடத்திலிருந்தும் இல்லாமல்.

நெற்றியில் ஒன்று, காதுக்குப் பின்னால் இரண்டு என்று
ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தேன்.
இரண்டாயிரம் டிக் சத்தம்.
அறுநூறிலேயே தூங்கிவிட்டார்;
காலை நாலரைக்கு எழுந்த மனிதர்.
திரையில் அலைகள் ஒவ்வொன்றாய்த் தலை தூக்கின.
முதல் அலை குட்டை.
வலப்பக்கம் குட்டை, இடப்பக்கம் அதைவிடக் குட்டை.
கடைசி அலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது,
பூச்சியம் புள்ளி மூன்று மில்லிநொடி.

ஏற்பிகளை இந்தத் திரை காட்டாது.
ஊகிக்கத்தான் முடியும் என்னால்.
என் ஊகம்: கதவுகளில் பழுதில்லை.
அவை இன்னும் அதே மிடுக்கோடு நிற்கின்றன,
தட்ட வேண்டிய விரல்களில் பாதி
ஒன்பது வருட நீராவியில் போய்விட்டன.
மிச்சமிருப்பவை முன்னே பின்னே தட்டுகின்றன.

நிர்வாகத்தின் பாரத்தில்
கேட்கிறது, கேட்கவில்லை,
இரண்டே கட்டம்.
ஓரத்தில் எண்ணை எழுதினேன், கீழே கொதிகலனை எழுதினேன்.
கடிதத்தில் அந்தச் சொல்லை அடித்தேன்.
என் காகிதமல்ல அது. இருந்தும் அடித்தேன்.

"மறுபடி வெட்டப் போலாமா?"
கழுத்தில் பசை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை;
தினக்கூலிக்காரரிடம் அது எளிதான சொல்லில்லை.
ஆள் இல்லாத பக்கம் பார்த்து வெட்டுங்க என்றேன்,
சொன்னதும் வெட்கமாயிருந்தது.

சாலையோரம் போய் நின்றார்.
எங்கோ ஹாரன்.
தனபாலன் வலப்பக்கம் திரும்பினார்.
லாரி, குலை நிறைய, இடப்பக்கமிருந்து வந்தது.
நான் கையிலிருந்த ஹெட்போனோடு
அது கடந்து முடியட்டும் என்று நின்றேன்.